உப்பு ஆந்தை

பல்லக்காவின் வேலையறையில் முகமில்லாத வாய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கு மேலே பலகைகள். பலகை நிறைய வெள்ளைப் பிளாஸ்டர் அச்சுகள். ஒவ்வோர் அச்சும் யாரோ ஒருவரின் தாடை. சிலருக்கு முன்பல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். சிலருக்கு நடுவில் சந்து. மதிய வெயில் சாய்வாக உள்ளே வரும்போது, அத்தனை வாய்களும் ஏதோ சொல்ல வந்து கடைசி நொடியில் வேண்டாமென்று நிறுத்திக்கொண்டதுபோல் இருக்கும்.

அந்தப் பல் மருத்துவமனையின் பின்னறையில் அவர் பல வருடமாகப் பல்செட்டு கட்டுகிறார். மெழுகைச் சூடாக்குவார், பல்லை நடுவார், சின்ன மோட்டாரைக் காலால் அழுத்தி ராவுவார். ராவும்போது தூள் கிளம்பி அறை முழுக்க மிதக்கும். வெயில் பட்ட இடத்தில் அந்தத் தூள் பனிமூட்டம் மாதிரி நிற்கும். அதற்குள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கும். என்ன யோசனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி ஒரு காலம் இருந்தது.

மருத்துவமனைக்குக் கீழே, தரைத்தளத்தில், சீட்டாடுகிறவர்களுக்கென்று ஒரு சீட்டுக் கடை திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து ஒரு விசித்திரமான சத்தம் மேலே வரும். நெடுநேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு யாரோ ஒருவர் மெதுவாக "போச்சு" என்பார். உடனே பத்துப் பேர் சிரிப்பார்கள்.

ஒருநாள் டாக்டரம்மா கையில் ஊசியோடு வந்து நின்றார். "கீழ போய்ச் சொல்லிட்டு வாம்மா. நான் ஊசியக் கிட்ட கொண்டுபோற நேரம் பாத்து சிரிக்கிறாங்க. நாற்காலியில இருக்கறவரு தன்னப் பாத்துதான் சிரிக்கிறாங்கன்னு நெனைக்கிறாரு."

பல்லக்கா ஏப்ரனில் பிளாஸ்டர் தூளோடு இறங்கிப் போனார். கதவைத் திறந்தார். நீள மேசைகளில் எதிரும் புதிருமாக ஆட்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் கையில் விரித்த சீட்டுகளைப் பார்த்தபடி உதடு அசைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன எண்ணுறீங்க?" என்று பல்லக்கா கேட்டார். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், வந்தது இது.

"அவரு கையில இன்னும் என்ன மிச்சம் இருக்கும்னு," என்றார் அந்த ஆள்.

"அவரு கை உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாது. ஆனா போட்டது தெரியுமே. போட்டதக் கழிச்சா மிச்சம்."

டாக்டரம்மா அன்று இரண்டாவது தடவை ஆளனுப்ப வேண்டியிருந்தது.

ஆட்டம் சிக்கலானதல்ல. ஆயிரக்கணக்கான வகைச் சீட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஓர் அதிகாரம். அவற்றிலிருந்து நீங்களே பொறுக்கி உங்கள் சீட்டுக் கட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே சீட்டு மூன்றுக்கு மேல் கூடாது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கோபுரம். மாறி மாறிச் சீட்டு இறக்க வேண்டும்; ஒருவருடைய முறைக்குத் திருப்பம் என்று பெயர். எதிராளியின் கோபுரத்தை முதலில் சரித்தவர் வென்றவர். அவ்வளவுதான். மேசையில் ஆடுவது பாதி ஆட்டம். வீட்டில் தனியாக உட்கார்ந்து கட்டைக் கட்டுவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில்தான் பல்லக்கா விழுந்தார்.

கீழே அவருக்குப் பல்லக்கா என்ற பெயர் வந்ததும் முதல் வாரத்தில்தான். மேலே பல் கட்டுகிறவர், கீழே சீட்டுக் கட்டு கட்டுகிறவர். இரண்டும் ஒரே வேலை என்று அவர் சொல்வார். "தனியாப் பாத்தா முத்து மாதிரி இருக்கும் ஒரு பல்லு. எதிர்ப்பல்லோட கடிக்கலன்னா அது எதுக்கு? இட்ட எடத்துல கடிக்கணும்."

எல்லாரும் உடனே வரவேற்றுவிட்டார்கள் என்று சொன்னால் பொய். டைல்ஸ் கடை மேனேஜர் ஒருவர் வருவார். ஆட்டம் தொடங்குமுன் உங்கள் கட்டை எதிராளியிடம் நீட்ட வேண்டும், அவர் வெட்டிக் கொடுக்க வேண்டும், இது விதி. பல்லக்கா கை நீட்டியதும் மேனேஜர் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க வேணாம்மா. கடைக்காரரு வெட்டட்டும். லேடீஸ் கை பட்டா எனக்குச் சீட்டு வராது."

பாதி உலகத்தின் கையையே தீட்டாக்கி வைத்துவிட்டு அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் சூட்டுகிற புத்தி, படித்தவர் படிக்காதவர் என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. கோயில்களிலும் சடங்குகளிலும் மட்டும் அது இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஒரு விளையாட்டு மேசைவரை வந்து நாற்காலி போட்டு உட்காரும்.

பல்லக்கா கையை மடக்கவில்லை. "சீட்டுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா சார்? தெரிஞ்சா அதப் பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க. இப்ப குடுங்க, வெட்டணும்."

கடைக்காரர் விதிப் புத்தகத்தை எடுத்து விசிறிக்கொண்டார். மேனேஜர் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் மேனேஜரே வென்றார். கேட்ட சீட்டெல்லாம் வந்தது. அடுத்த ஞாயிறு அவர் தனக்குச் சம்பந்தமில்லாத மேசைக்கு வந்து, பல்லக்காவிடம் கட்டை நீட்டி, "கொஞ்சம் வெட்டிக் குடுங்களேன், உங்க கை ராசியான கை" என்றார். பல்லக்காவுக்கு முதல் வாரத்தைவிட அன்றுதான் கோபம் அதிகமாக வந்தது.

வீட்டில் அவரும் நாத்தனாரும்தான் பெரும்பாலும். கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர். வந்தால் தூங்குவார், எழுந்தால் போவார். நாத்தனார் மருந்துக் கடையில் கல்லாவில் இருப்பவர். வாய்க்கு மருந்து அந்தக் கடையில் இல்லை.

"அண்ணி, சாம்பார்னு சொல்லிச் சுடுதண்ணி ஊத்தியிருக்கீங்க" என்று நாத்தனார் தட்டைப் பார்த்துச் சொல்வார். பல்லக்கா அப்போது இடது கையில் போனைப் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பார்.

"அதுல உப்பு இருக்காடி?"

"இல்ல."

"அப்ப சரியாத்தான் சொல்ற."

போனில் அவர் படித்தது முடிவுகள் பக்கம். எங்கெங்கோ நடந்த போட்டிகளில் முன்னணியில் வந்தவர்களின் கட்டு அதில் சீட்டு வாரியாக இருக்கும். மேலே ஆடியவர் பெயர், பக்கத்தில் கட்டின் பெயர், கீழே பட்டியல். அவருக்கு அது தூரத்து ஊர்களின் ஜன்னல் மாதிரி. யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு மேசையில், இந்தச் சீட்டை ஏன் இரண்டு வைத்தார், மூன்று வைக்கவில்லை? பஸ் சிக்னலில் நிற்கும்போது அந்த 'ஏன்' ஜன்னல் கண்ணாடியில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வரும். இறங்கும் இடத்தைத் தவறவிடுவார். திரும்பி நடந்து வருவார். நடப்பதிலும் யோசனை ஓடும்.

கட்டுரைகளும் படிப்பார், வீடியோக்களும் பார்ப்பார். ஒரு கட்டுரையை நம்பலாமா என்பதற்கு அவரிடம் ஒரே சோதனை: எழுதியவர் தான் தோற்ற ஆட்டத்தைச் சொல்கிறாரா? சொல்லவில்லை என்றால் பாதியில் மூடிவிடுவார். இந்த ஒரு பழக்கம் ஊரில் பாதிப் பேருக்கு இருந்திருந்தால், எத்தனையோ மேடைகள் என்றைக்கோ காலியாகியிருக்கும்.

அப்படிப் படித்தும் கலைத்தும் ஒரு மழைக்காலம் முழுக்க அவர் கட்டியதுதான் அந்தப் பனிக் கட்டு. அப்போது எல்லாரும் வேகக் கட்டுதான் ஆடினார்கள். வந்த சீட்டையெல்லாம் மேசையில் இறக்கி, கை காலியாகும்வரை அடி. பல்லக்காவின் கட்டு அடிக்காது. பனிச் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி எதிராளியின் தாக்குதலை விழுங்கிக்கொள்ளும். பனிக்குள் விளக்கேந்திகள் என்று சின்ன உருவங்கள் நடந்து வந்து, கோபுரத்தில் ஒவ்வொரு கல்லாகக் கழற்றிக்கொண்டு போகும். எதிராளி களைத்த பிறகு கடைசிப் படகு வரும். அது கரையேறினால் ஆட்டம் முடிந்தது. படகைத் தடுக்க ஒரே ஒரு சீட்டுத்தான் உண்டு: கதவடைப்பு. எதிராளி போடும் எதையும், போடும் நொடியிலேயே ரத்து செய்கிற சீட்டு. அந்தப் பனிக் கட்டுக்கும் அதுவே காவல். மூன்று வேண்டும்.

கடையில் இரண்டுதான் இருந்தன.

"மூணாவது வந்தா உங்களுக்குத்தான் பல்லக்கா. வேற யாருக்கும் காட்டக்கூட மாட்டேன்" என்றார் கடைக்காரர்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு குப்பைப் பெட்டி உண்டு; யாருக்கும் வேண்டாத சீட்டுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். பல்லக்கா அதில் கைவிட்டுத் துழாவி உப்பு ஆந்தை என்ற சீட்டை எடுத்தார். கண் மூடிய ஆந்தை, படகுத்துறைக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். சிறகெல்லாம் உப்புப் பூத்திருக்கும். அதன் அதிகாரம், எதிராளியின் கையிலுள்ள சீட்டுகளை ஒருமுறை பார்க்கலாம். எல்லாரும் கையைக் காலி செய்துவிட்டு ஆடுகிற காலத்தில் அதனால் என்ன பயன்? ஒன்றுமில்லை. படம் நன்றாக இருந்தது, எடுத்தார். இடைவெளியை அடைக்க ஏதாவது வேண்டும். நிஜப் பல் தயாராகும்வரை வாயில் ஒரு தற்காலிகப் பல் செருகி அனுப்புவதில்லையா, அப்படி.

அந்தக் கட்டோடு அவர் கடையின் ஞாயிறு போட்டிகளைத் தொடர்ந்து வென்றார். தோற்றவர்கள் எழுந்து போகாமல் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பனி இறங்குவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது போலும்.

பார்த்தவர்களில் ஒருவர் மைக். சட்டைக் காலரில் எப்போதும் சின்ன மைக் செருகியிருப்பதால் அந்தப் பெயர். ஆட்டத்தைப் பற்றி வீடியோ போடுகிறவர், பார்க்கிறவர்கள் ஏராளம். பேச்சு வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி.

"அக்கா, கட்ட ஒருதடவ விரிச்சுக் காட்டுங்களேன். படிக்கணும்போல இருக்கு."

யாரும் அதுவரை அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பல்லக்கா மேசை முழுக்க விரித்து வைத்தார். மைக் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சோற்றுக் கையோடு நாத்தனார் ஓடி வந்தார். "அண்ணி, இது உங்க கட்டுதானே? இந்த ஆளு தன் கட்டுங்கறான்."

வீடியோவில் மைக் சிரித்துக்கொண்டிருந்தார். பல மாதம் தூக்கமில்லாமல் தான் கண்டுபிடித்த கட்டு என்றார். சீட்டு சீட்டாக விளக்கினார். உப்பு ஆந்தை வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் இங்க மூணாவது கதவடைப்பு வைப்பாங்க. நான் வைக்கல. ஏன்னா இந்த ஆந்தை மனோதத்துவம். முதல் திருப்பத்துலயே போடுங்க. எதிராளியோட ஆன்மாவுக்குள்ள எட்டிப் பாக்கறீங்க. அங்கயே அவன் தோத்துட்டான்."

பல்லக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "மூணாவது கெடைக்காமத்தான்டி அத வச்சேன்."

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. ஊரே இத 'மைக் கட்டு'ங்குது."

ஊர் அதோடு நிற்கவில்லை. குப்பைப் பெட்டியில் ஓர் ஆந்தைகூட மிஞ்சவில்லை. முடிவுகள் பக்கத்தில் வாரத்துக்கு வாரம் பனிக் கட்டு முன்னேறியது: கதவடைப்பு இரண்டு, உப்பு ஆந்தை ஒன்று. யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, அப்படியே. மூன்று கதவடைப்பு அலமாரியில் வைத்திருந்தவர்கள்கூட ஒன்றை வெளியே எடுத்துவிட்டு ஆந்தையை வைத்தார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மைக் சொன்னார், வைத்தார்கள். ஒரு பெண்ணின் இல்லாமை, ஒரு வாய்வீச்சுக்காரரின் வழியாக வேதமாகிவிட்டது. வேதங்கள் இப்படித்தான் பிறக்கின்றன என்று நினைக்க இடமுண்டு.

சில நாள் கழித்துத்தான் சிரிப்பு அடங்கி வலி வந்தது. மரத்துப்போன வாயில் உணர்வு திரும்புவது மாதிரி. கடையில் மைக்கைப் பார்த்தபோது பல்லக்கா நேராகவே கேட்டார்.

"தம்பி, அது என் கட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

மைக் கோபப்படவில்லை. "அக்கா, சீட்டு அச்சடிச்சவன் எவனோ. நீங்களும் பத்துப் பேர் பட்டியலப் படிச்சுத்தான கட்டினீங்க? கட்டு யாருக்கும் சொந்தமில்ல."

"சொந்தமில்லன்னா நீ எப்படி 'என் கட்டு'ன்னு சொன்ன?"

மைக் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு அன்பாகவே சொன்னார்: "நீங்க சொன்னா யாருக்கா கேப்பாங்க?"

அந்தக் கடைசி வாக்கியம் பல்லக்காவோடு மாடியேறி வந்தது. மோட்டாரை அழுத்தினார், தூள் எழுந்தது, தூளுக்குள் அதே வாக்கியம். அன்றுதான் தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. முடிவுகள் பக்கத்தில், அத்தனை காலம் அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஜன்னலில், தன் பெயரோடு தன் பட்டியல் இருக்க வேண்டும். அதற்கு வட்டாரப் போட்டியில் வெல்ல வேண்டும். அந்த மேசைக்கு மைக்கும் வருவார்.

இதற்கிடையில் கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூன்றாவது கதவடைப்பு வந்தது. பல்லக்கா ஆந்தையை உறையிலிருந்து உருவி மேசைமேல் வைத்தார்.

"தூக்கிக் கடாசுங்க அந்த நாறப் பறவைய" என்றார் நாத்தனார்.

"மைக் சொன்னான்னு வைக்கறதும் தப்பு. மைக் சொன்னான்னு எடுக்கறதும் தப்பு. ஆடிப் பாப்போம். உக்காரு."

"நானா?"

"வேற யாரு இருக்கா? உன் அண்ணன் குறட்டையோடயா ஆடறது?"

விடுமுறைப் பகல்களில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் ஆடினார்கள். இரண்டு பக்கமும் பனிக் கட்டு. பனியை எதிர்த்துப் பனி. ஜன்னல் திரை அசையும். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும். மேசைமேல் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் நடக்கும். நாத்தனார் முதலில் கொட்டாவி விட்டார், பிறகு விதிகளோடு சண்டை போட்டார், பிறகு அடுப்பில் பால் பொங்குவது காதில் விழாத ஆளாகிவிட்டார். ஆந்தை உள்ள கட்டோடு பல்லக்கா ஆடிப் பார்த்தார், இல்லாத கட்டோடும் ஆடிப் பார்த்தார். தோற்றதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டார்.

வந்த விடை அவருக்கே பிடிக்கவில்லை. ஆந்தை வென்றது.

"எப்படி? அவன் சொன்னது சரியாப் போச்சா?" நாத்தனாருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"அவன் சொன்னது சரியில்ல. நடந்தது வேற." பல்லக்கா சீட்டுகளைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். "அப்ப எல்லாரும் வேகக் கட்டு. கையில ஒண்ணும் இருக்காது, பாத்து என்ன பண்ண? இப்ப அவன் வீடியோ பாத்து எல்லாரும் பனிக் கட்டு. யாரும் எதையும் எறக்கறதில்ல, கை நெறைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இப்பதான் கையப் பாக்கறதுல அர்த்தம் இருக்கு. ஆனா முதல் திருப்பத்துல இல்ல. படகு எறக்கறதுக்கு முன்னாடி."

மூன்றாவது கதவடைப்பைப் பெட்டிக்குள் வைத்தார். ஆந்தை தன் இடத்துக்குத் திரும்பியது.

வட்டாரப் போட்டி ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. உயரமான ஜன்னல்கள், ரப்பர் பாய் வாசம், நூற்றுக்கணக்கான சீட்டுகள் கலைபடும் சத்தம் தூரத்து மழை மாதிரி. காலையிலிருந்து பல்லக்கா ஒரு கனவுக்குள் நடப்பதுபோல மேசை மேசையாக நகர்ந்தார். எதிரே உட்கார்ந்த பாதிப் பேரிடம் அவருடைய கட்டே இருந்தது. அவருடைய இல்லாமையும் அதற்குள் இருந்தது. ஒவ்வொருவரும் முதல் திருப்பத்தில் ஆந்தையைப் போட்டு, அவர் கையை எட்டிப் பார்த்து, அர்த்தத்தோடு தலையசைத்தார்கள். பார்த்த கை சற்று நேரத்தில் வேறு கையாகிவிடும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இறுதி மேசைக்கு அவர் வந்தபோது மாலை வெயில் கூடத்தின் குறுக்கே விழுந்திருந்தது. எதிரே மைக்.

"உங்க வீட்டுக்கே வந்துட்டேன்போல இருக்கு" என்றார் மைக், கட்டை நீட்டியபடி.

"வீட்டுக்கு வந்தவரு செருப்பக் கழட்டிட்டு வரணும் தம்பி" என்று சொல்லி பல்லக்கா வெட்டிக் கொடுத்தார்.

பனி இறங்கியது. எதிர்ப் பக்கமும் பனி. மைக் வழக்கம்போல் முதல் திருப்பத்தில் ஆந்தையைப் போடுவார் என்று சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். போடவில்லை. வரவில்லைபோலும் என்று நினைத்துக்கொண்டார்கள். நேரம் கரைந்தது. பல்லக்காவின் விளக்கேந்திகள் நடந்தன; மைக்கின் விளக்கேந்திகளும் நடந்தன; இரண்டு கோபுரங்களும் கல் கல்லாகக் குறைந்தன. மைக் ஒரு கதவடைப்பைச் செலவழித்தார். பிறகு இன்னொன்று. இரண்டும் கழித்த சீட்டுகளோடு நிமிர்ந்து கிடந்தன. பல்லக்காவின் இரண்டும் முன்பே போயிருந்தன.

பல்லக்காவின் கைக்குக் கடைசிப் படகு வந்தது.

பின்னால் நின்ற நாத்தனார் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். அவருக்கே கணக்குத் தெரிந்தது. மைக் கட்டில் கதவடைப்பு இரண்டு. ஊருக்கே தெரியும், அவர் வாயால் சொன்னது. இரண்டும் போயிற்று. இனி தடை இல்லை. படகை இறக்க வேண்டியதுதான்.

பல்லக்கா படகைத் தொட்டார். விரல் அங்கேயே நின்றது. இரண்டு என்று யார் சொன்னது? அவர் சொன்னார். அவர் சொன்னதை நான் எப்போது பார்த்தேன்?

விரலை நகர்த்தி உப்பு ஆந்தையைப் போட்டார்.

மைக்கின் முகத்தில் முதல் தடவையாக ஒன்றும் இல்லாமல் போனது. விதிப்படி கையை விரித்து மேசைமேல் வைத்தார். நான்கு சீட்டுகள். நடுவில் ஒரு கதவடைப்பு. மூன்றாவது.

சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். முன்வரிசையில் நின்ற ஒருவர் தன் கட்டிலிருந்த ஆந்தையை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, மைக்கைப் பார்த்தார். ஆந்தைதான் ரகசியம் என்று நாடெல்லாம் சொன்னவர் தன் கட்டில் ஆந்தை வைக்கவேயில்லை. மற்றவர்கள் குறையோடு ஆடட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் முழுதாக வந்திருந்தார். விதியில் அதற்குத் தடையில்லை. பத்தியத்தைப் பக்தர்களுக்கு விதித்துவிட்டுத் தான் மட்டும் பின்கட்டில் விருந்துண்பதற்கும் எந்த விதியிலும் தடையில்லை.

பல்லக்கா படகைக் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு விளக்கேந்தியை இறக்கினார்.

மைக்குக்குப் புரிந்தது. அந்த விளக்கேந்தியை விட்டால், ஏற்கெனவே நடப்பவற்றோடு சேர்ந்து அது கோபுரத்தின் கடைசிக் கற்களைக் கழற்றிவிடும். கதவடைப்பால் தடுத்தால், படகுக்குக் கதவு இல்லை. மேலே ஜன்னலில் வெயில் இடம் மாறியது. ஒரு சின்ன விளக்குக்கு எதிராகக் கடைசிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த திருப்பத்தில் படகு கரையேறியது.

மைக் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "ஆந்தைய அப்ப போடணும்னு எப்படித் தெரியும்?"

"நீதான சொன்ன, முதல் திருப்பத்துல போடுன்னு. அதுக்கு மேல வேற என்ன தெரியணும்?"

மைக் சிரித்துவிட்டார், தோற்ற பிறகும் அழகாகச் சிரிக்கத் தெரிந்தவர். "வாங்கக்கா, நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு வீடியோ போடலாம்."

"வேணாம் தம்பி. பேச்சு உனக்கு வரும், எனக்கு வராது. நான் எழுதிக்கறேன்."

இரண்டு நாளில் முடிவுகள் பக்கம் வந்தது. நாத்தனார் கல்லாவை விட்டு எழுந்து மருத்துவமனைக்கே வந்துவிட்டார். பிளாஸ்டர் கையோடு பல்லக்கா போனைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். முதலிடம்: பல்லக்கா. கீழே பட்டியல், சீட்டு சீட்டாக. பக்கத்தில், கட்டின் பெயர் என்ற இடத்தில், பக்கம் நடத்துகிறவர்கள் தாங்களாகவே நிரப்பியிருந்தார்கள்: மைக் கட்டு.

"நாசமாப் போறவனுங்க" என்றார் நாத்தனார். "ஜெயிச்சது நீங்க, மாலை அவனுக்கா?"

பல்லக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு கையைக் கழுவினார். பட்டியலுக்குக் கீழே ஆடியவர் விளக்கம் எழுத இடம் உண்டு. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரங்களில் அவர் எழுதினார். முதல் வரி இது: "இந்தக் கட்டில் உப்பு ஆந்தை இருப்பதற்குக் காரணம், இதைக் கட்டியபோது என்னிடம் மூன்றாவது கதவடைப்பு இல்லை என்பதுதான்." அது ஒரு தற்காலிகப் பல் என்று எழுதினார். பிறகு எப்போது, ஏன் அது நிஜமாகவே கடிக்கத் தொடங்கியது என்று எழுதினார். எல்லாரும் வேகக் கட்டுக்குத் திரும்பும் நாளில் ஆந்தையை எடுத்துவிடுங்கள் என்று எழுதினார். தோற்ற ஆட்டங்களை எல்லாம் எழுதினார்; அதுதான் கட்டுரையில் நீளமான பகுதி. யார் கட்டு என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நாத்தனார் ஒரு வாய் சோறு இறங்காமல் அதற்காகச் சண்டை போட்டார்.

பதில்கள் மெல்ல வந்தன. பாதிப் பேர் திட்டினார்கள். மைக் பொய் சொல்வாரா என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும், எந்த ஊர் என்று தெரியாது, இப்படி எழுதியிருந்தார்: "எனக்கும் மூன்றாவது இல்லை. அதை வெட்கமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி."

மழை மறுபடி பிடித்த சமயம். டாக்டரம்மா முன்னறையில் யாருக்கோ வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லக்கா ஒரு தற்காலிகப் பல்லை ராவி முடித்து, தூள் அடங்கட்டும் என்று போனைத் திறந்தார். பெயர் கேள்விப்படாத ஊர் ஒன்றின் முடிவுகள். நான்காம் இடத்தில் யாரோ ஒருவர். பனிச் சீட்டுகள், விளக்கேந்திகள், படகு. கதவடைப்பு இரண்டு. உப்பு ஆந்தை ஒன்று. கட்டின் பெயர் என்ற இடத்தில் அந்த யாரோ தானே நிரப்பியிருந்தார்:

தற்காலிகப் பல்.

பல்லக்கா அதைப் படித்தார். தூள் மிதந்துகொண்டிருந்தது. பலகைகளில் அத்தனை வாய்களும் இப்போதும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் நின்றன. கீழே நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு யாரோ "போச்சு" என்றார்கள்.

"ஏம்மா," முன்னறையிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது, "சிரிக்கப் போறாங்க. போய்ச் சொல்லிட்டு வா."

பல்லக்கா ஏற்கெனவே படியில் இருந்தார்.